மதிப்பெண்ணும் மேடையும்: ஐக்கிய அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கான சிறப்பேற்பின் வரலாறு

1. முன்னுரை

கல்வியிலும் கலையிலும் சிறந்து விளங்கும் இளையோரை இனங்கண்டு பாராட்டுவது எல்லாச் சமுதாயங்களிலும் காணப்படும் வழக்கமாகும். ஆயினும், யார் பாராட்டுகிறார், எதனை அளந்து பாராட்டுகிறார், அந்தப் பாராட்டுக்கு ஈடாக மாணவரிடம் எதனை எதிர்பார்க்கிறார் என்னும் வினாக்களுக்கு நாட்டுக்கு நாடு, காலத்துக்குக் காலம் வெவ்வேறு விடைகள் அமைந்துள்ளன. ஐக்கிய அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் உருவான சிறப்பேற்பு முறைகளை, குறிப்பாக 1964இல் தொடங்கப்பெற்ற ‘பிரெசிடென்ஷியல் ஸ்காலர்ஸ்’ எனப்படும் குடியரசுத் தலைவர் தகைசால் மாணவர் திட்டத்தை, இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது.

தேர்வு மதிப்பெண்ணை மட்டும் தகுதியாகக் கொண்டு தொடங்கிய அரசு, பின்னர்க் கலையையும், அதன் பின்னர்க் கைத்தொழில் திறனையும், சில மாநிலங்கள் வழியாகத் தாய்மொழி அறிவையும் தகுதியாக ஏற்றது. இவ்விரிவாக்கம் தானாக நிகழ்ந்ததன்று. ஒவ்வொரு படியிலும் விடுபட்டவர்களின் கேள்வி ஒன்று அதற்கு முன் எழுந்திருந்தது என்பதே இக்கட்டுரையின் கருத்து. புலம்பெயர்ந்த தமிழ்ச் சமுதாயம் தன் பிள்ளைகளைப் பாராட்டும் முறைகளைச் சீர்தூக்கிப் பார்ப்பதற்கும் இவ்வரலாறு பயன்படும்.

2. தொடக்க முயற்சிகள்: நற்குணம், படைப்பு, ஆய்வு

உயர்நிலைப் பள்ளி அளவில் நாடு தழுவிய முதல் பெரும் அமைப்பாகக் கருதத்தக்கது ‘நேஷனல் ஹானர் சொசைட்டி’ எனப்படும் தேசிய மாண்புக் கழகம். உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களின் தேசியச் சங்கம் 1921இல் இதனை நிறுவியது. பிட்ஸ்பர்க் நகரத் தலைமையாசிரியர் எட்வர்டு ரைனர்சன் இதன் உருவாக்கத்தில் முன்னின்றார். கல்வி, தலைமைப் பண்பு, தொண்டு, நல்லொழுக்கம் ஆகிய நான்கும் உறுப்பினருக்குரிய தகுதிகளாக வகுக்கப்பெற்றன.

இந்நான்கனுள் கல்வியை மதிப்பெண்ணால் அளக்கலாம். ஒழுக்கத்தை அவ்வாறு அளத்தல் இயலாது. அளப்பவரின் சமூகப் பார்வையே அங்கு அளவுகோலாகிவிடுகிறது. கென்டக்கி மாநிலத்தில் 1998இல் நிகழ்ந்த வழக்கொன்று இதனைத் தெளிவாகக் காட்டுகிறது. கல்வித் தகுதி நிறைந்த இரு மாணவியர், கருவுற்றமையாலும் தாயானமையாலும் ஒழுக்கக் குறைவுடையோர் எனக் கருதப்பட்டு, தங்கள் பள்ளியின் மாண்புக் கழகக் கிளையில் சேர்க்கப்படவில்லை. திருமணத்திற்கு முன் உறவு கொண்ட மாணவர்களை அக்கிளை அவ்வாறு தேடிக் கண்டறிந்து விலக்கியதில்லை. மாணவியரின் நிலை வெளிப்படையாகத் தெரிந்ததே அவர்களுக்குத் தடையாயிற்று. கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சுட்டிய கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம், அவ்விருவரையும் சேர்த்துக்கொள்ளுமாறு இடைக்கால ஆணை பிறப்பித்தது. பாராட்டு என்பது கொடுப்பவரின் விருப்பம் மட்டுமே அன்று, அதில் மாணவருக்கும் உரிமை உண்டு என்னும் கருத்து சட்டத்தின் வாயிலாக இங்கு நிலைபெற்றது.

கலைத்துறையில் முன்னோடி முயற்சி 1923இல் தொடங்கியது. ‘ஸ்காலஸ்டிக்’ என்னும் பள்ளி இதழை நடத்திய மாரிஸ் ராபின்சன், மாணவரின் எழுத்துக்கும் ஓவியத்திற்குமான பரிசுகளை ஏற்படுத்தினார். விளையாட்டில் வெல்லும் மாணவனை ஊரே கொண்டாடும்போது எழுதும் மாணவனையும் வரையும் மாணவனையும் கொண்டாடுவார் இல்லை என்னும் குறையே இம்முயற்சிக்குத் தூண்டுதலாக அமைந்தது. ஆண்டி வார்ஹோல், சில்வியா பிளாத், ட்ரூமன் கபோட் ஆகியோர் பள்ளிப் பருவத்தில் இப்பரிசைப் பெற்றவர்கள். மூவரும் பின்னாளில் பெற்ற புகழை நோக்க, பதினாறு பதினேழு வயதில் வெளிப்படும் கலைத்திறனைத் தேர்ந்த நடுவர்களால் இனங்காண முடியும் என்பது புலனாகிறது.

அறிவியலுக்கான தேடல் போர்க்காலத்தில் பிறந்தது. ‘சயன்ஸ் சர்வீஸ்’ அமைப்பும் வெஸ்டிங்கவுஸ் நிறுவனமும் இணைந்து 1942இல் அறிவியல் திறன் தேடலைத் தொடங்கின. முதலாண்டில் 40 பேர் இறுதிச் சுற்றுக்காக வாஷிங்டனுக்கு அழைக்கப்பெற்றனர். ஒரு மாணவனும் ஒரு மாணவியும் முதற்பரிசு பெற்றனர். லியோன் கூப்பர், ஷெல்டன் கிளாஷோ, ரோல்ட் ஹாஃப்மன் முதலிய நோபல் பரிசாளர்கள் இத்தேடலின் வழிவந்தவர்கள். 1998இல் இன்டெல் நிறுவனமும் 2017இல் ரிஜெனரான் நிறுவனமும் இதன் புரவலர்களாயின. மின்பொறித் தொழிலில் தொடங்கி, கணினிச் சில்லுத் தொழில் வழியாக, உயிர்மருந்துத் தொழிலுக்கு இப்புரவு கைமாறியுள்ளது. அந்நாட்டின் பொருளாதாரத்தில் எத்துறை எக்காலத்தில் மேலோங்கியது என்பதற்கும் இவ்வரிசை ஒரு குறிப்பாகும்.

3. பனிப்போரும் தேர்வு மதிப்பெண்ணும்

ஃபோர்டு அறக்கட்டளை, கார்னகி நிறுவனம் ஆகியவற்றின் பொருளுதவியால் தேசியத் தகுதி உதவித்தொகைக் கழகம் 1955இல் தோன்றியது. நாட்டின் எந்த மூலையில் இருக்கும் மாணவனும் ஒரே தேர்வை எழுதி, ஒரே அளவுகோலால் மதிப்பிடப்பெறுவான் என்பது அதன் அடிப்படை. 1957 அக்டோபர் 4 அன்று சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியபின் இவ்வகைத் தேடல் நாட்டுப் பாதுகாப்பின் ஒரு கூறாகவே கருதப்பட்டது. 1958ஆம் ஆண்டுத் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் இம்மனநிலையின் வெளிப்பாடு; சட்டத்தின் பெயரிலேயே கல்வியும் பாதுகாப்பும் இணைந்து நிற்கின்றன.

ஒரே தேர்வு எல்லார்க்கும் ஒரே வாய்ப்பைத் தரும் என்னும் நம்பிக்கை விரைவிலேயே கேள்விக்குள்ளாயிற்று. நிறப்பாகுபாட்டால் நலிவுற்ற பள்ளிகளில் பயின்ற கறுப்பின மாணவர்களுக்கு அத்தேர்வு சமவாய்ப்பைத் தரவில்லை. அதனை உணர்ந்த கழகமே 1964இல் அவர்களுக்கெனத் தனி உதவித்தொகைத் திட்டம் ஒன்றைத் தொடங்கி 2015 வரை நடத்தியது. மாணவியர் பற்றிய கேள்வி 1990களில் எழுந்தது. முதற்கட்டத் தேர்வை எழுதியோருள் பாதிக்கு மேற்பட்டோர் மாணவியராக இருந்தும், அரையிறுதிக்குத் தேர்வு பெற்றோருள் அவர்கள் பாதிக்கும் குறைவாகவே இருந்தனர். இதுகுறித்து 1994இல் கூட்டாட்சிக் கல்வித்துறையிடம் முறையீடு செய்யப்பட்டது. அதன் விளைவாக 1996இல் உடன்பாடு எட்டப்பெற்று, எழுத்துத்திறன் பகுதி தேர்வில் புதிதாகச் சேர்க்கப்பட்டது. மாணவியரின் அறிவில் ஓராண்டிற்குள் எம்மாற்றமும் நேர்ந்திருக்க இயலாது, மாறியது வினாத்தாளே. 2005இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஆறு வளாகங்கள் இவ்வுதவித்தொகைக்குத் தாம் நிதி வழங்குவதை நிறுத்தின. ஒரே தேர்வின் அடிப்படையில் தகுதியை வரையறுப்பது அப்பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கொள்கையோடு பொருந்தவில்லை என்பதே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது.

4. 1964ஆம் ஆண்டு ஆணை

அரசே நேரில் பாராட்டும் முறை லிண்டன் ஜான்சன் ஆட்சியில் தோன்றியது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியரும் வெள்ளை மாளிகையின் சிறப்பு ஆலோசகருமாகிய எரிக் கோல்ட்மன் இத்திட்டத்தின் உருவாக்கத்தில் பெரும்பங்கு வகித்தார். 1964 மே 23 அன்று ஜான்சன் 11155ஆம் எண்ணுள்ள ஆட்சியாணையைப் பிறப்பித்தார். முதல் விருது விழா ஜூன் 10 அன்று நடந்தது. குடியுரிமைச் சட்டமுன்வரைவின் மீதான நெடிய தடைப் பேச்சை முடிவுக்குக் கொண்டுவரும் தீர்மானம் செனட் அவையில் 71க்கு 29 என்னும் வாக்குகளில் நிறைவேறியதும் அதே நாளில்தான். சமவாய்ப்புக்கான சட்டமும் தகுதிக்கான விருதும் ஒரே நாளில் வாஷிங்டனில் முன்னேறியது தற்செயலே. ஆயினும் அவ்வாட்சியின் இருமுக நோக்கத்தை அந்நாள் நன்கு காட்டுகிறது.

ஆணையின் பங்கீட்டு முறை கருதத்தக்கது. 50 மாநிலங்கள், தலைநகரப் பகுதி, புவேர்ட்டோ ரிக்கோ ஆகிய ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மாணவனும் ஒரு மாணவியும், பிற ஆட்சிப்பகுதிகளுக்கும் வெளிநாடுவாழ் அமெரிக்கருக்கும் சேர்த்து ஒரு மாணவனும் ஒரு மாணவியும் தேர்ந்தெடுக்கப்பெறுவர். இவ்வாறு 106 பேர். இடவரையறையின்றி மேலும் 15 பேர். மொத்தம் 121 பேர். மக்கள் நெருங்கிய கலிபோர்னியாவுக்கும் மக்கள் குறைந்த வயோமிங்குக்கும் அடிப்படை ஒதுக்கீடு ஒன்றே. செனட் அவையில் மாநிலங்கள் பெறும் சமநிலையை இது நினைவூட்டுகிறது. ஆண், பெண் இருபாலார்க்கும் சமமான இடம் ஆணையிலேயே உறுதி செய்யப்பட்டதும் அக்காலச் சூழலில் முற்போக்கானதே. முழுக்கத் தகுதியின் அடிப்படையில் அமைந்ததாகக் கருதப்படும் இவ்விருது, தொடக்க நாள் முதலே நிலத்தையும் பாலினத்தையும் கணக்கிற்கொண்ட ஒதுக்கீட்டின்மேல்தான் கட்டப்பட்டுள்ளது. இடஒதுக்கீடும் தகுதியும் ஒன்றுக்கொன்று பகை என வாதிடுவோர் இதனைக் கருத்திற்கொள்ளுதல் வேண்டும்.

இத்திட்டத்தின்வழி அரசு நெடுங்காலம் வழங்கிவந்தது பதக்கமும் தலைநகர அழைப்பும் மட்டுமே. பணப்பரிசு அதன் பகுதியன்று. பல்கலைக்கழக நுழைவுத்தேர்வில் பெற்ற மதிப்பெண்ணே நெடுங்காலம் முதல் வாயிலாக இருந்தது. பின்னர்க் கட்டுரைகள், பள்ளி அறிக்கை, தொண்டு ஆகியன கருதப்பெற்றன. மாணவர் ஒவ்வொருவரும் தம்மை உருவாக்கிய ஆசிரியர் ஒருவரைப் பெயர் சுட்டிப் பாராட்டுக்கு உரியவராக்கும் வழக்கமும் பின்னர் ஏற்பட்டது. விருதின் ஒளி மாணவரோடு நின்றுவிடாமல் வகுப்பறைக்கும் சென்றதற்கு இவ்வழக்கமே காரணம். நாட்டின் சட்டத்துறைத் தலைவராகப் பணியாற்றிய மெரிக் கார்லண்டு 1970இல் இவ்விருதைப் பெற்றவர்.

5. கலை இடம்பெற்ற வரலாறு

முதல் பதினைந்து ஆண்டுகள் இத்திட்டத்தில் கலைக்குத் தனியிடம் இல்லை. மாநில அளவில் இதற்கு முன்மாதிரி ஏற்கெனவே இருந்தது. வட கரோலினாவின் ஆளுநர் டெரி சான்ஃபோர்டு, புதின ஆசிரியர் ஜான் ஈலியின் தூண்டுதலால், 1963 கோடையில் வின்ஸ்டன்-சேலம் நகரில் ஆளுநர் பள்ளியைத் தொடங்கினார். கணிதமும் அறிவியலும் பயில வந்த மாணவரும், நடனமும் நாடகமும் ஓவியமும் பயில வந்த மாணவரும் ஒரே வளாகத்தில் தங்கினர். மதிப்பெண்ணோ தேர்வோ அங்கு இல்லை. பிற மாநிலங்கள் பலவும் பின்னர் இம்முறையைப் பின்பற்றின.

கூட்டாட்சி அளவில் மாற்றம் 1979இல் வந்தது. குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் 1964ஆம் ஆண்டு ஆணையைத் திருத்தி, கலைத்துறையில் சிறந்தோர் 20 பேரைக் கூடுதலாகத் தேர்ந்தெடுக்க வழிசெய்தார். மொத்தம் 141 ஆயிற்று. ஆனால், நடனத்தையும் கவிதையையும் எத்தேர்வால் அளப்பது என்னும் நடைமுறைச் சிக்கல் எழுந்தது. 1981இல் லின் அரிசன், டெட் அரிசன் இணையர் மயாமியில் நிறுவிய கலை மேம்பாட்டுக்கான தேசிய அறக்கட்டளை இதற்கு விடை தந்தது. இன்று ‘யங்ஆர்ட்ஸ்’ என்னும் பெயரில் இயங்கும் இவ்வமைப்பு, நடனம், நாடகம், இசை, திரைப்படம், ஒளிப்படம், காண்கலை, எழுத்து முதலிய துறைகளில் விண்ணப்பங்களைப் பெற்று, துறைவல்லுநரைக் கொண்டு மதிப்பிடுகிறது. இறுதிச் சுற்றினரை மயாமிக்கு அழைத்து ஒரு வாரக்காலம் பயிற்சியளிக்கிறது. அவர்களுள் 60 பேர் வரை குடியரசுத் தலைவர் ஆணையத்திற்குப் பரிந்துரைக்கப்பெறுவர். ஆணையம் 20 பேரைத் தெரிவு செய்யும். நடனக் கலைஞர் டெஸ்மண்ட் ரிச்சர்ட்சன் இவ்வழியில் 1986இல் விருது பெற்றார். நடிகை வயோலா டேவிஸ், கவிஞர் அமாண்டா கோர்மன் ஆகியோர் யங்ஆர்ட்ஸ் பாராட்டைப் பெற்றவர்கள்.

கல்விக்கான 121 பேரும் கலைக்கான 20 பேரும் வெவ்வேறு வகையில் தேர்ந்தெடுக்கப்பெறுகின்றனர். முன்னவர்க்கு மாநிலப் பங்கீடு உண்டு, பின்னவர்க்கு இல்லை. முன்னவர் தேர்வெழுதும் கட்டணத்தோடு வாயிலை அடையலாம். பின்னவர்க்குப் பல்லாண்டுப் பயிற்சியும் கருவியும் ஆசானும் வேண்டும். இசைக்கருவியும் பயிற்சி அறையும் இல்லாத பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு இவ்வாயில் எட்டாததாகவே உள்ளது. நிதி நெருக்கடி வரும்போது பள்ளிகள் கலை வகுப்பிலேயே முதலில் கைவைக்கின்றன என்பதையும் இதனோடு இணைத்துப் பார்க்க வேண்டும். நாட்டின் உயரிய கலை விருது ஒன்று இருப்பதால் மட்டும் பள்ளிகளில் கலைக்கல்வி தழைத்துவிடுவதில்லை.

6. பாராட்டும் மாற்றுக்குரலும்

அரசின் பாராட்டை ஏற்பவர் அரசின் கொள்கையையும் ஏற்றவர் ஆவாரா என்னும் கேள்வி இத்திட்டத்தோடு உடன்பிறந்தது. கோல்ட்மன் ஒழுங்கு செய்த வெள்ளை மாளிகைக் கலைவிழா 1965 ஜூனில் நடைபெற்றது. வியட்நாம் போரை ஏற்காத கவிஞர் ராபர்ட் லோவல் அதற்கு வர மறுத்தார். வந்த ஜான் ஹெர்சி, அணுகுண்டின் அழிவைக் கூறும் தம் ‘ஹிரோஷிமா’ நூற்பகுதியை அவ்விழாவிலேயே படித்தார். மறுத்தவரும் வந்து உரைத்தவரும் என இருவகை எதிர்வினைகள் அங்கு வெளிப்பட்டன. கோல்ட்மன் 1966இல் பதவி விலகினார்.

பெரியோரின் இந்நெருக்கடியை நாற்பது ஆண்டுகள் கழித்து மாணவர்களும் எதிர்கொண்டனர். 2007 ஜூன் 25 அன்று விருது பெற்ற 141 பேர் வெள்ளை மாளிகையில் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் புஷ்ஷுடன் புகைப்படம் எடுத்துக்கொள்ளக் கூடியபோது, அவர்களுள் 50 பேர் கையொப்பமிட்ட கையெழுத்துக் கடிதம் ஒன்றை ஒரு மாணவி அவரிடம் நேரில் அளித்தார். காவலில் உள்ளோரின் மனித உரிமைகள் மீறப்படுவதையும் சித்திரவதையையும் நிறுத்தவேண்டும் என அக்கடிதம் வேண்டியது. குடியரசுத் தலைவர் அதனைப் படித்துவிட்டு, அமெரிக்கா சித்திரவதை செய்வதில்லை என மறுமொழி கூறினார். 50 பேர் கையொப்பமிட்டனர். எஞ்சிய 91 பேர் இடவில்லை. விருது விழா அதற்குரிய இடமன்று என எண்ணியவரும் அவர்களுள் இருந்திருக்கலாம். எவ்வாறாயினும், சிந்திக்கும் இளைஞரைத் தேர்ந்தெடுத்து அழைக்கும் அரசு, அவர்கள் சிந்தித்ததைச் சொல்வதையும் கேட்க நேரிடும் என்பதற்கு அந்நிகழ்வு சான்றாகிறது. அவர்களின் விருது எதுவும் பறிக்கப்படவில்லை என்பதும் பதிவுக்குரியது.

7. கைத்தொழிலும் தாய்மொழியும்

2015 ஜூனில் பராக் ஒபாமா பிறப்பித்த திருத்த ஆணை, தொழிற்கல்வியில் சிறந்தோர் 20 பேரையும் திட்டத்தில் சேர்த்தது. இதனால் மொத்தம் 161 ஆயிற்று. பற்றவைப்பு, எந்திரப் பணி, வேளாண்மை, உடல்நலப் பணி முதலிய துறை மாணவர்க்கும் வெள்ளை மாளிகையின் வாயில் திறந்தது. ‘படிப்பு வராதவர்க்குத் தொழில்’ என்னும் பழைய எண்ணத்தை அரசு தன் ஆணையாலேயே மறுத்ததாக இதனைக் கொள்ளலாம்.

மொழிக்கான சிறப்பேற்பு மாநிலங்களில் பிறந்தது. கலிபோர்னியாவில் 1998இல் வாக்காளர் ஏற்ற 227ஆம் முன்மொழிவு, பள்ளிகளில் இருமொழிக் கல்வியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. அக்கட்டுப்பாடு நடைமுறையில் இருந்தபோதே, அதே மாநிலம் 2011இல் இருமொழித்திறன் முத்திரைச் சட்டத்தை இயற்றிற்று. ஆங்கிலத்துடன் மற்றொரு மொழியிலும் தேர்ச்சி பெற்ற மாணவரின் பள்ளியிறுதிச் சான்றிதழில் முத்திரை ஒன்று பொறிக்கப்படும். வீட்டுமொழியைக் குறையாகக் கண்ட நோக்கு மாறி, அதனைத் தேர்ச்சியாகக் காணும் நோக்கு உருவானது. 227ஆம் முன்மொழிவின் பெரும்பகுதி 2016இல் நீக்கப்பெற்றது. முத்திரையோ பிற மாநிலங்களுக்கும் பரவியது.

8. புலம்பெயர் தமிழர்க்கு இவ்வரலாற்றின் பொருள்

1965ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின்பின் அமெரிக்காவிற் குடியேறிய தமிழரின் பிள்ளைகள் இருவேறு பாராட்டு உலகங்களில் வளர்ந்தனர். வார நாட்களில் பள்ளியின் மதிப்பெண்ணும் அறிவியல் போட்டியும். வார இறுதியில் பாட்டு, பரதம், தமிழ் வகுப்பு. 1978இல் தொடங்கிய கிளீவ்லாந்து தியாகராஜ ஆராதனை விழா இளையோர்க்கு இசைப் போட்டிகளை நடத்தியது. 1987இல் தோன்றிய வட அமெரிக்கத் தமிழ்ச்சங்கப் பேரவை திருக்குறள் முதலிய போட்டிகளை வளர்த்தது. 1998இல் தொடங்கிய கலிபோர்னியாத் தமிழ்க் கழகம் வார இறுதித் தமிழ்க் கல்வியைப் பாடத்திட்டத்தோடு கூடிய பள்ளியாக அமைத்தது. அங்குப் பயின்ற தமிழ், சில பள்ளி மாவட்டங்களில் உயர்நிலைப் பள்ளி மதிப்பலகாக ஏற்கப்பட்டது. தமிழ் கற்ற மாணவர்கள் இருமொழித்திறன் முத்திரையையும் பெற்றுள்ளனர். வீட்டிலும் கோயில் மண்டபத்திலும் வாடகை வகுப்பறையிலும் கற்ற ஒன்று, பள்ளியின் சான்றிதழில் இடம்பெறத் தொடங்கியது.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில், ஏழாண்டு பயின்று பன்னிரண்டு வயதில் அரங்கேறிய மாதவிக்குச் சோழ மன்னன் தலைக்கோலும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சும் அளித்த செய்தி உண்டு. இளமையில் வெளிப்படும் கலைத்திறனை அரசவை அளந்து போற்றும் மரபு தமிழர்க்குப் புதிதன்று. அவ்வரிசைக்கு முன், ஆடலாசான், இசையாசான், கவிஞன், மத்தளம் கொட்டுவோன், குழலோன், யாழாசிரியன் என ஆசிரியர் ஒவ்வொருவரின் இலக்கணத்தையும் இளங்கோவடிகள் விரித்துரைக்கிறார். மாணவியின் பரிசுக்குப் பின்னால் நிற்கும் ஆசிரியர் குழுவை அக்காப்பியம் மறக்கவில்லை.

புலம்பெயர் அமைப்புகளின் இன்றைய பாராட்டு முறைகளில் மூன்று குறைகள் தென்படுகின்றன. முதலாவது, அவை பெரும்பாலும் போட்டியில் வென்றவரையே பாராட்டுகின்றன. தொடர்ந்து கற்றவர்க்கு இடம் குறைவு. இரண்டாவது, கட்டணம் செலுத்திக் கலை கற்க இயலாத குடும்பங்களின் பிள்ளைகள் மேடைக்கே வருவதில்லை. தஞ்சம் கோரி வந்த குடும்பங்களுக்கு இது மிகவும் பொருந்தும். மூன்றாவது, பறை, கூத்து, நாட்டார் பாடல் முதலிய கலைகளுக்கு அளவுகோல்கள் இன்னும் முறையாக வகுக்கப்படவில்லை. அளவுகோல் இல்லாத கலை பாராட்டுக்குரிய பட்டியலில் இடம்பெறுவதில்லை என்பதை 1979க்கு முற்பட்ட அமெரிக்க வரலாறே காட்டுகிறது.

9. முடிவுரை

1921 முதல் இன்று வரை நிகழ்ந்த மாற்றங்களைத் தொகுத்து நோக்கும்போது, தகுதி என்பதன் வரையறை பலமுறை திருத்தப்பெற்றிருப்பது தெளிவாகிறது. கறுப்பின மாணவர், மாணவியர், கலை பயில்வோர், கைத்தொழில் பயில்வோர், வீட்டில் வேற்றுமொழி பேசுவோர் எனப் பலரும் அத்திருத்தங்களின் வழியே அவைக்குள் வந்தனர். அவர்கள் வந்ததனால் விருதின் மதிப்புக் குறையவில்லை.

தமிழ் அமைப்புகள் மூன்று பணிகளை உடனடியாக மேற்கொள்ளலாம். வார இறுதிப் பள்ளி மாணவர்க்கு இருமொழித்திறன் முத்திரைக்கான தேர்வுகளை அறிமுகப்படுத்தி ஆயத்தப்படுத்துதல். நாட்டார் கலைகளுக்குரிய மதிப்பீட்டு முறைகளை அக்கலைஞர்களைக் கொண்டே வகுத்தல். ஒவ்வொரு மாணவப் பாராட்டிலும் கற்பித்த ஆசிரியரின் பெயரையும் பதிவு செய்தல். இம்மூன்றனுள் இறுதியானதற்குப் பொருட்செலவே இல்லை. வார இறுதிகளில் ஊதியமின்றிக் கற்பித்த ஒரு தலைமுறையின் பெயர்கள் இன்னும் எங்கும் எழுதப்படவில்லை. அவர்களுள் பலர் முதுமை எய்திவிட்டனர். ஆதலின் அப்பணியை முதலில் தொடங்குதல் வேண்டும்.